எழுபதாம் எண்

'லைன்மேன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், இரயில்வே குடியிருப்பில் வாழும் நம்மவர்க்கு நினைவில் எழுபவர் ஒருவரே. கால்பைசாகிப் புயல் ஓய்ந்த இரவில் ஏணியைத் தோளிற் சுமந்து வந்து, கம்பத்தில் ஏறி, அறுந்த மின்கம்பியை முடிந்து கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர்தாம். அமெரிக்க நாட்டில் அதே பெயரைத் தாங்கிய வேறொரு கூட்டத்தார் உளர். அவர்கள் கம்பம் ஏறுவதில்லை, பந்தாட்டம் ஆடுகிறார்கள். ஆடுகிறார்கள் என்று சொல்வதுகூட முழுவதும் பொருந்தாது. எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை. அத்தகையோருள்ளும் தமக்கென ஒரு நிலையான இடமின்றி, ஊர் ஊராகப் பெட்டி தூக்கி, பிறர்க்கு மாற்றாளாக நின்றே காலங் கழித்த ஒருவரைப் பற்றி இத்திங்கள் எழுத எண்ணினோம். கரக்பூரில் இருந்துகொண்டு அமெரிக்கப் பந்தாட்டம் எதற்கு என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். அதற்குரிய விடையை அதற்குரிய இடத்தில் சொல்வோம்.

முதலில் ஆட்டத்தைச் சிறிது விளக்க வேண்டும். அந்நாட்டார் 'ஃபுட்பால்' என்று வழங்குவது நாம் அறிந்த காற்பந்து அன்று. பந்து கடுக்காயைப் போல் இரு முனையும் கூர்த்திருக்கும். காலால் உதைப்பது அரிது. கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுமே பெரிது. பக்கத்திற்குப் பதினொருவர். பந்தை உடைய கட்சியில் நடுவே ஐந்து பேர் தோளோடு தோள் நெருங்கிக் குனிந்து நிற்பர். இவர்களே லைன்மேன்கள். இவர்களுக்குப் பின்னால் குவார்ட்டர்பேக் எனப்படும் பந்தெறிபவர் நிற்பார். எதிர்க்கட்சியார் அவரை வீழ்த்துவதற்குப் பாய்ந்து வருவர். சடுகுடுவில் பாடி வருபவனைப் பிடிக்க நான்கு பக்கமும் ஆட்கள் பாய்வதை அன்பர்கள் கண்டிருக்கிறீர்கள். அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஐந்து பேர் மதிலாக நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. மதில் மூன்று நொடி நின்றால் போதும், பந்து பறந்துவிடும். அதற்குள் ஒரு கல் பெயர்ந்தாலும் எறிபவர் மண்ணிற் கிடப்பார்.

பந்தெறிந்தவர் எத்தனை கெஜம் எறிந்தார், ஓடியவர் எத்தனை கெஜம் ஓடினார், பிடித்தவர் எத்தனை முறை பிடித்தார் என்பன யாவும் கணக்கேட்டில் ஏறும். மதிலாக நின்றவர் பெயருக்கு நேரே எழுதுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. அவர் தம் தொழிலைச் செவ்வனே செய்தார் என்பதற்கு ஒரே அடையாளம், அவரைப் பற்றி எவரும் பேசாதிருப்பதுதான். பந்து எழுமுன் அவர் அசைந்துவிட்டால் 5 கெஜம் தண்டம். எதிராளியைச் சட்டத்திற்கு மாறாகப் பிடித்து நிறுத்தினால் 10 கெஜம். அப்பொழுது நடுவர் தம் ஒலிவாங்கியை இயக்கி, இன்ன எண்ணுடையவர் இன்ன குற்றம் செய்தார் என்று அரங்கம் முழுவதும் கேட்க அறிவிப்பார். ஆக, லைன்மேன் ஒருவருடைய எண் ஊரறிய ஒலிப்பது பெரும்பாலும் அவர் தவறு செய்த வேளையில்தான்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 50 முதல் 79 வரையுள்ள எண்களை அணிந்தோர் எறியப்படும் பந்தைப் பிடிக்கக் கூடாதென்பது விதி. ஆயினும், ஓர் ஆட்டத்தொடக்கத்தில் அத்தகைய ஒருவர் நடுவரிடம் முன்கூட்டியே சென்று, 'இம்முறை நான் பிடிக்கத் தகுதியுடையவனாக நிற்கிறேன்' என்று அறிவித்துக்கொள்ளலாம். நடுவர் அதனை எதிர்க்கட்சிக்குத் தெரிவித்து, ஒலிவாங்கியிலும் அந்த எண்ணைச் சொல்லுவார். பெரும்பாலும் அவ்வாறு வருபவர் பந்தைப் பிடிக்கப் போவதில்லை. ஐந்து பேர் மதிலை ஆறு பேர் மதிலாக்கவே வருகிறார். எப்படியாயினும், குற்றம் ஏதும் இல்லாமலே ஒரு லைன்மேனின் எண் அரங்கில் ஒலிக்கும் இடம் இது. அன்பர்கள் இதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

என்.எஃப்.எல். எனப்படும் அந்நாட்டுத் தொழில்முறைப் பந்தாட்டச் சபையில் 32 அணிகள் உள்ளன. கோடைப் பயிற்சிக்கு ஒவ்வோர் அணியும் 90 பேரைக் கூட்டும். ஆகஸ்டு இறுதியில் அதனை 53 ஆகக் குறைத்தே தீர வேண்டும். முப்பத்திரண்டு அணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,200 ஆட்கள் சில நாட்களுக்குள் வேலையிழக்கிறார்கள். நான்கு பருவங்கள் நிரம்பாத ஒருவர் நீக்கப்பட்டால், பிற அணிகள் அவரைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு நாள் தவணை. ஒருவரும் கேளாவிடில், 'பயிற்சிக் குழு' என்று ஒன்று இருக்கிறது. 2020 முதல் அதில் 16 பேர். வாரம் முழுவதும் இவர்கள் அணியோடு சேர்ந்து உழைப்பார்கள். எதிரணியார் எவ்வாறு ஆடுவரோ அவ்வாறு ஆடிக் காட்டி, முதல்வரிசை ஆட்களைப் பழக்குவார்கள். ஆட்டத்தன்று பெரும்பாலோர் சீருடை அணியாமல் ஓரத்தில் நிற்பார்கள்.

மாற்று லைன்மேனுடைய வேலை, பார்ப்பவர் எண்ணுவதினும் கடினமானது. முதல்வரிசையிலே நிற்பவர் ஓர் இடத்தைக் கற்றால் போதும். மாற்றாள் இடக்கோடி, வலக்கோடி, அவற்றிற்கு உட்புறத்து இடங்கள் என யாவற்றையும் கற்றிருக்க வேண்டும். இடக்கோடியில் நிற்கும்போது எந்தக் காலைப் பின்னே வைக்கிறாரோ, வலக்கோடிக்குப் போனால் அது முன்னே வர வேண்டும். ஊன்றும் கையும் மாறும். இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகுவது போன்றது என்று ஒருவாறு சொல்லலாம். இத்தனையும் கற்று வைத்துக்கொண்டு, எவர்க்கேனும் முழங்கால் பிசகும்வரை காத்திருக்க வேண்டும். பிசகிய அக்கணமே, உடலிற் சூடு ஏறாமல், உள்ளே ஓட வேண்டும்.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். இவர்களை ஏழைகள் என்று எண்ணி அன்பர்கள் இரங்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் பயிற்சிக் குழுவினர்க்குக் குறைந்த அளவு வாரத்திற்கு 11,500 டாலர். அன்றைய மாற்றுக் கணக்கில் ஒன்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். நம் சம்பளத்தை இங்கே ஒப்பிட்டுக் காட்டி எவரையும் வருத்த விரும்பவில்லை. ஆனால் அது வாரக்கூலி. இன்று பெட்டியைக் கட்டச் சொன்னால் அடுத்த வாரத்திற்குக் கூலி இல்லை. வீட்டை வாடகைக்கு எடுப்பதா, விடுதியில் தங்குவதா, மனைவியை அழைத்துக்கொள்வதா என்பது கூடத் தெளிவாகாது. உடலுக்கு நேரும் சேதமும் சிறிதன்று. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் படித்த ராஸ் டக்கர் என்பவர், 2001இல் வாஷிங்டன் அணியிற் சேர்ந்து, டல்லாஸ், பஃபலோ, நியூ இங்கிலாந்து என்று அலைந்து, இறுதியிற் கழுத்திற் பட்ட காயத்தால் ஆட்டத்தை விட்டார். பின்னர் வர்ணனையாளராகிப் பெயர் பெற்றார். அவர் நற்பேறுடையவர். பிட்ஸ்பர்க் அணியின் நடு லைன்மேனாகப் புகழோங்கிய மைக் வெப்ஸ்டர் 2002இல் ஐம்பது வயதில் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, பல்லாண்டு மோதல்களால் அது சிதைந்திருந்ததைக் கண்டார். தலையால் மோதுவதைத் தொழிலாக உடையவர்க்கு இந்த அச்சம் என்றும் உண்டு.

நாம் சொல்ல வந்தவர் பெயர் டான் ஸ்கிப்பர். 1994இல் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். ஆர்கன்சா பல்கலைக் கழகத்திற்கு ஆடியவர். உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். எடை ஏறத்தாழ 150 கிலோ. நம் வீட்டு நிலைப்படியில் அவர் நுழைய வேண்டுமாயின் இரண்டு முறை குனிய வேண்டும். அந்நாட்டில் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு அச்சடங்கில் 250 பேருக்கு மேல் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். ஸ்கிப்பர் பெயரை ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்கப்படாதோரைக் குறைந்த ஊதியத்திற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கப்படி டல்லாஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது; சில திங்களில் விட்டுவிட்டது. அதே ஆண்டில் டெட்ராய்ட். பின்னர் நியூ இங்கிலாந்து, ஹூஸ்டன், மறுபடியும் டெட்ராய்ட். 2023 வேனிலில் இண்டியானாபொலிஸ். அங்கும் நிலைக்காமல் திரும்பவும் டெட்ராய்ட். இவற்றிற்கு இடையே நீக்கப்பட்டதும் சேர்க்கப்பட்டதும் எத்தனை முறை என்று நாம் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டோம்.

2022 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி அவரை மீண்டும் நீக்கிப் பயிற்சிக் குழுவில் வைத்தது. செப்டம்பர் 18ஆம் நாள் வாஷிங்டன் அணியோடு ஆட்டம். அவ்வாரம் டெட்ராய்ட்டின் லைன்மேன்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றுப் படுத்துவிட்டனர். இடப்புறத்து உள்ளிடத்தில் நிற்க ஆளில்லை. கோடியிலே நின்று பழகிய இந்த நெடிய மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளிடத்தில் நிற்பவர் குள்ளமாக இருப்பது நலம். தாழ்ந்து மோதுபவனே வெல்வான். ஆறடி ஒன்பது அங்குலத்தாரை அங்கே நிறுத்துவது, பார்சல் கவுண்டரின் சன்னலுக்குள் ஒட்டகத்தை உட்கார வைப்பது போலத்தான். எனினும் நின்றார். டெட்ராய்ட் 36–27 என்று வென்றது. ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஐந்தாண்டு அலைச்சலைப் பற்றி அவர்கள் கேட்டபோது, பேச முடியாமற் குரல் தழுதழுத்துக் கண் கலங்கினார். அந்தப் படக்காட்சியை மைத்துனர்தாம் நமக்கு முதன்முதலாக அனுப்பினார்.

மைத்துனர் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்து, மோட்டார்த் தொழிலிற் பணிபுரிகிறார். டெட்ராய்ட் அணியின் மீது அவருக்குள்ள பற்று, புதிதாகக் குடியேறியவர்க்கே உரிய பெரும்பற்று. அந்த அணியோ 1957க்குப் பின் பட்டம் காணாதது. 2008இல் பதினாறு ஆட்டங்களில் பதினாறையும் தோற்றது. 'தோற்பதையே வழக்கமாகக் கொண்ட கட்சியை ஏன் பிடித்துக்கொண்டீர்?' என்று ஒருமுறை கேட்டோம். 'வந்த ஊர் அத்தான், வேறு கட்சி எங்கே போய்த் தேடுவது?' என்றார். படக்காட்சியோடு அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'அத்தான், இவர் உங்கள் இலாகா.'

அவர் சொன்னதன் பொருள் இதுதான். நாம் இரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' எழுத்தர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக் கடைநிலைப் பணியிற் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வெழுதி எழுத்தரானோம். அன்று முதல் இன்று வரை நமக்கென்று நாற்காலி கிடையாது. ஒருவர் மகள் திருமணத்திற்கு விடுப்பெடுத்தால் அவருடைய பார்சல் கணக்கு நம் கையில். இன்னொருவர்க்கு மஞ்சட்காமாலை வந்தால் அவருடைய பயணச்சீட்டு சன்னல் நம் பொறுப்பு. இவ்வாரம் ஜார்கிராம், அடுத்த வாரம் பாலிச்சக், அதற்கடுத்து நிம்பூராவின் சரக்குக் கணக்கு. ஒவ்வொருவர் இருக்கைக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. ஒருவர் முத்திரைகளை வலப்பக்கம் வைத்திருப்பார். ஒருவர் இழுப்பறையைச் சற்றே தூக்கி இழுத்தால்தான் திறக்கும். ஒருவர் நாற்காலியில் மனைவி தைத்துக் கொடுத்த மெத்தை இருக்கும். அந்த மெத்தையில் உட்காருவது நமக்கு எப்பொழுதும் கூச்சம்; எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில்தான் உட்காருவோம். கணக்கு நேராக இருந்தால் உரியவர் திரும்பி வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். இருபது ரூபாய் குறைந்தால் மட்டும், 'லீவ் ரிசர்வ்காரர் இருந்தாரே' என்று நம் நினைவு எல்லோர்க்கும் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு திருமணத்தின்போது, பந்தியில் அமர்ந்திருக்கையில், மாமனார் தம் நண்பர்க்கு நம்மை அறிமுகம் செய்துவைத்தார். நண்பர், 'மாப்பிள்ளைக்கு எந்த இடத்தில் சீட்டு?' என்று கேட்டார். 'எல்லா இடத்திலும்' என்றோம். அவர் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். எதிர்ப்பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நம் மனைவி சிரிக்கவில்லை.

2023 டிசம்பரில் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கரக்பூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு சிறு நிலையத்தில் நிலையான இடம் ஒன்று காலியாக இருக்கிறது. விருப்பமுடையோர் கையெழுத்திட்டு ஜனவரி பத்துக்குள் அனுப்பலாம் என்று இருந்தது. அங்கே நமக்கென்று ஒரு நாற்காலி, ஒரு சன்னல், ஒரு பூட்டு. ஆனால் பெரியவளுக்கு ஏற்ற பள்ளி இல்லை. ஞாயிறுதோறும் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பும் போய்விடும். மனைவிக்குப் போக வேண்டும் என்றே எண்ணம். 'பிள்ளைகள் எங்கேயும் படிக்கும். உங்களுக்கு ஒரு இடம் என்று இருக்க வேண்டாமா?' என்பது அவர் வாதம். கிறித்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த மைத்துனரும் தமக்கையின் பக்கமே பேசினார். தாள் ஒரு வாரமாக உணவு மேசையின்மீது ஊறுகாய்ச் சாடியின்கீழ் கிடந்தது.

டிசம்பர் 31 ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அப்பொழுது முப்பதாம் தேதி இரவு. டல்லாஸ் நகரை அடுத்த ஆர்லிங்டன் அரங்கில் டல்லாசும் டெட்ராய்ட்டும் மோதின. மைத்துனர் விடியற்காலையிலேயே எழுந்து தம் மடிக்கணினியை அம்மேசையின்மீது வைத்துவிட்டார். இட்டிலி வெந்ததும் வீட்டார் அனைவரும் அதைச் சுற்றி அமர்ந்துவிட்டோம். இறுதிக் கட்டத்தில் டல்லாஸ் 20, டெட்ராய்ட் 13. இருபத்து மூன்று நொடிகளே எஞ்சியிருந்தபோது டெட்ராய்ட்டின் பந்தெறிபவர் ஜேரட் காஃப், அமோன்–ரா செயின்ட் பிரவுனிடம் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி எடுத்தார், 20–19. இனி உதைத்து ஒரு புள்ளி பெற்றால் சமநிலை. டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் டான் கேம்பல் அதை வேண்டாமென்று, ஒரே முயற்சியில் இரண்டு புள்ளி எடுத்து வென்றுவிடத் துணிந்தார்.

அதற்கு அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். 68ஆம் எண் லைன்மேன் டெய்லர் டெக்கர் பந்தைப் பிடிக்கத் தகுதியுடையவராகத் தம்மை அறிவித்துக்கொள்வது. எதிரிகள் அதைக் கவனியாதபடி, 58ஆம் எண் பெனே சூவலும் 70ஆம் எண் ஸ்கிப்பரும் கூடவே நடுவரை நோக்கிச் செல்வது. டெக்கர் நடுவரிடம் ஏதோ சொன்னது தெரிந்தது. ஸ்கிப்பர் ஓரத்திலிருந்து உள்ளே ஓடிவந்தார். ஆறாவது ஆளாக அவர் ஓடிவந்து அறிவித்துக்கொள்வது வழக்கமான காட்சி. நடுவர் பிராட் ஆலன் ஒலிவாங்கியில் 70ஆம் எண் என்று அறிவித்தார். பந்து எழுந்தது, காஃப் எறிந்தார், டெக்கர் பிடித்தார். மைத்துனர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மையார் வாயிலுக்கு வந்துவிட்டார். அடுத்த கணம் தரையில் மஞ்சள் துணி விழுந்தது. தகுதி அறிவித்துக்கொண்டவர் 70, பந்தைத் தொட்டவர் 68, ஆகவே செல்லாது.

அடுத்த முயற்சியிற் பந்து எதிரியின் கையிற் போயிற்று. ஆனால் டல்லாஸ்காரர் ஒருவர் கோட்டை மீறியதால் அதுவும் செல்லவில்லை. மூன்றாம் முயற்சி பயனின்றிப் போயிற்று. 20–19 என்று டெட்ராய்ட் தோற்றது. அறிவித்தவன் நானே என்றார் டெக்கர். ஆட்டத்திற்கு முன்பே நடுவர்களிடம் இத்தந்திரத்தைச் சொல்லியிருந்ததாகக் கேம்பல் கூறினார். தம்மிடம் அறிவித்தவர் 70ஆம் எண்ணினரே என்று நடுவர் நின்றார். முடிவு மாறவில்லை. நம் கருத்தைக் கேட்டால், எதிரியைக் குழப்புவதற்கென்று மூன்று மலைகளை ஒருங்கே நடுவர்முன் அனுப்பியவர்கள், நடுவரும் குழம்பிவிட்டார் என்று பெரிதும் நொந்துகொள்வதற்கில்லை. மைத்துனர் இதனை ஒப்பவில்லை. அன்று பகலுணவின்போது நம்மோடு அவர் பேசவும் இல்லை.

மறுநாளுக்குள் அமெரிக்கா முழுவதும் 70 என்னும் எண் பரவிவிட்டது. ஆறு பருவங்களுக்கு மேல் உழைத்து அறியப்படாத பெயர், அவர் ஒன்றுமே செய்யாத ஒரு நொடியினால் ஒவ்வொரு செய்தித்தாளிலும் வந்தது. அந்தக் காட்சியை மைத்துனர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், நம் மனைவி மாவரைத்த கையோடு வந்து நின்று, 'அந்த எழுபது என்ன தப்பு பண்ணினார்?' என்று கேட்டார்.

'ஒன்றும் இல்லை. போகச் சொன்னார்கள், போனார்' என்றோம்.

'அப்போது ஏன் எல்லோரும் அவரையே காட்டுகிறார்கள்?'

மைத்துனர் விதிகளை விளக்கத் தொடங்கினார். மனைவி அதைக் கேட்கவில்லை. ஊறுகாய்ச் சாடியின்கீழ் இருந்த தாளை எடுத்து, அதில் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்து, நம் அலுவலகப் பையினுள் வைத்துவிட்டு உள்ளே போனார். கையெழுத்திடுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜனவரி பத்து வந்தது, போயிற்று. நாம் கையெழுத்திடவில்லை. பந்தாட்டம் பார்த்து முடிவு செய்தோம் என்று எவரும் எண்ணற்க. பெரியவளின் பள்ளி ஒரு காரணம். மற்றொன்றை அன்பர்களிடம் மறைப்பதற்கில்லை: இவ்வேலை நமக்குப் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்து, இன்று எந்தச் சன்னல் என்று தெரியாமல் சோற்றுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதில் ஒரு சுவை இருக்கிறது. பிரிவு முழுவதிலும் எந்த நிலையத்தில் எந்த இழுப்பறை ஒட்டிக்கொள்ளும் என்று அறிந்தவர் நம்மையன்றி மிகச் சிலரே இருப்பர். இதனை மனைவியிடம் சொன்னபோது, 'இதை அன்றே பந்தியிலே சொல்லியிருக்கலாமே' என்றார்.

டெட்ராய்ட்டின் கதைக்கு வருவோம். அந்த ஆட்டத்திற்கு அடுத்த வாரம், 2024 ஜனவரி 7ஆம் நாள், தம் சொந்த அரங்கில் அவர்கள் மினசோட்டா அணியோடு ஆடினர். ஆட்டத்தினிடையே ஸ்கிப்பர் வழக்கம்போல் ஆறாவது ஆளாக ஓடிவந்தார். நடுவர் ஒலிவாங்கியை இயக்கி, 70ஆம் எண் தகுதியுடையவராக அறிவித்திருக்கிறார் என்றார். அரங்கம் இடிந்து விழுவதுபோல் ஆரவாரித்தது. பந்து இன்னும் எழவே இல்லை. எவரும் ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு மாற்றாளின் எண்ணைச் சொன்னதற்கே அத்தனை கைத்தட்டல். அதன் பின்னும் அவ்வரங்கில் அந்த அறிவிப்பு வந்தபோதெல்லாம் மக்கள் ஆரவாரித்தார்கள். அணியும் அப்பருவத்தில் நன்றாக ஆடிற்று. 1991ஆம் பருவத்திற்குப் பின் முதன்முறையாக ஒரு வெளியேற்றச் சுற்று ஆட்டத்தை, லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 24–23 என்று வென்று, கைப்பற்றியது. சான் பிரான்சிஸ்கோவிடம் 31–34 என்று தோற்றதால் இறுதி ஆட்டத்திற்குப் போகவில்லை. 2024 அக்டோபர் 13இல் அதே ஆர்லிங்டன் அரங்கிற்குத் திரும்பிச் சென்று டல்லாசை 47–9 என்று வென்றது. அன்று மைத்துனரிடமிருந்து வந்த செய்திகளை எண்ணினால், அவர் அலுவலகத்தில் ஏதேனும் வேலை செய்தாரா என்பது ஐயம்.

2024 டிசம்பர் 15ஆம் நாள் பஃபலோ அணியோடு டெட்ராய்ட்டில் ஆட்டம். நமக்கு அது பதினாறாம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை. மேதினிபூருக்குப் போக வேண்டி நாம் காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் ஒரு காட்சி வந்தது. கோட்டையொட்டி டெட்ராய்ட் அணி நிற்கிறது. ஸ்கிப்பர் நடுவரிடம் சென்று மார்பைத் தடவிக் காட்டித் தம் எண்ணை அறிவிக்கிறார். எதிரிகளும் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் இத்தனை காலமும் மதிலாகவே நின்றவர் பந்தைப் பிடிக்க ஓடுவார் என்று அவர்கள் நினைக்கவில்லை போலும். மோதுவதுபோல் பாவனை செய்து, நழுவி, வெற்றிடத்திற்குப் போகிறார். காஃப் எறிகிறார். ஸ்கிப்பர் இரு கையாலும் பிடித்து, குழந்தையை அணைப்பதுபோல் மார்போடு சேர்த்துக்கொள்கிறார். ஆறு புள்ளி. தோழர்கள் அனைவரும் அவர்மேல் வந்து விழுகிறார்கள். ஆட்டத்தை டெட்ராய்ட் 42–48 என்று தோற்றுவிட்டது. மைத்துனர் அதனை இரண்டாம் செய்தியில்தான் சொன்னார். அன்றைய கணக்கேட்டில் ஸ்கிப்பர் பெயருக்கு நேரே, ஒரு பிடி, ஒரு 'டச்டவுன்' என்று ஏறியிருந்தது.

மனைவியை அழைத்துக் காட்டினோம். சோற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருமுறை பார்த்தார்.

'இனி அவருக்கு நிரந்தர இடம் கொடுத்துவிடுவார்களா?' என்று கேட்டார்.

'மாட்டார்கள். அந்த அறுபத்தெட்டும் ஐம்பத்தெட்டும் நலமாக இருக்கிறார்களே' என்றோம்.

'அப்படியானால் சரி' என்று சொல்லிப் பெட்டியை நீட்டினார். மேதினிபூர் வண்டிக்கு இருபது நிமிடமே இருந்தது.